‘வியர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

கரும்பலகை எழுதியது:

இளங்கலை ஆங்கில இலக்கிய வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நீ அரசனாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் சொன்னதைக் கேட்ட படைத்தலைவன் மேக்பெத், அரசரைக் கொல்லும் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று சூனியக்காரிகளும் மேக்பெத்தை எதிர்கொள்ளும் காட்சியில், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். புத்தகத்தில் ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்ற இடத்துக்கு மேலே பென்சிலால் ‘வினோதமான’ என்று எழுதி, அதை இரண்டு முறை அடிக்கோடிட்டு வைத்திருந்தாள். “வினோதமான மூன்று கிழவிகள் வழியில் நின்று ஏதோ சொன்னால், போரில் வென்று திரும்பும் ஒரு படைத்தலைவன் அதை ஏன் நம்ப வேண்டும்?” என்று கேட்டாள்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘விர்ட்’ என்ற வடிவில் பெயர்ச்சொல்லாக இருந்தது என்றும், அதன் பொருள் விதி என்றும், ‘ஆகுதல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து அது பிறந்தது என்றும் விளக்கினேன். ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காப்பியத்தில் கிரெண்டல் என்ற அரக்கனோடு மோதத் துணிந்த வீரன், விதி தான் போக வேண்டிய வழியில்தான் போகும் என்று சொல்வது இதே சொல்லைக் கொண்டுதான். பள்ளியிலேயே ஊழ் அதிகாரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஆனால் அந்த மாணவி உட்காரவில்லை. “அப்படியானால் அரசரைக் கொன்றது மேக்பெத்தா, விதியா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.

வடகடல் எழுதியது:

ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த ஒரு முதியவருக்கு இரவுப் பணியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுவதும் மீன்பிடிப் படகில் இருந்தவர் என்பதை, கயிறு அறுத்த தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய அவருடைய உள்ளங்கையே சொன்னது. வலி அதிகமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தபடி, மனிதன் தன் ‘வியர்டை’ ‘ட்ரீ’ செய்துதான் ஆக வேண்டும் என்ற பொருளில், ஸ்காட்ஸ் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். ‘ட்ரீ’ என்றால் பொறுத்து அனுபவிப்பது என்று அவரே விளக்கினார். அவருடைய அம்மா அடிக்கடி சொல்வாராம். எங்கள் ஊரில் பாட்டிமார் “தலையெழுத்தை அனுபவித்துத்தானே ஆகணும்” என்று சொல்லும்போது வரும் குரல் அப்படியே அவரிடமும் இருந்தது. மறு வாரம் அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

செம்மசி எழுதியது:

கரும்பலகை ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திரட்டி 1623இல் அச்சான முதல் ஃபோலியோ தொகுப்பில் இன்றைய ‘வியர்ட்’ என்ற எழுத்துக்கூட்டலே கிடையாது. ‘வெய்வர்ட்’, ‘வெயர்ட்’ என்றுதான் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர்தான் அதை ‘வியர்ட்’ என்று திருத்தினார். அடங்காத, வழிதவறிய என்ற பொருளுடைய ‘வேவர்ட்’ என்ற சொல்லின் சாயலும் அந்தப் பழைய வடிவத்தில் விழுகிறது. இதை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

என் அனுபவம் சிறியது. என் மகள் இந்தச் சொல்லில் ‘ஐ’ (i) எழுத்தை ‘ஈ’ (e) எழுத்துக்கு முன்னால் போட்டதால் எழுத்துக்கூட்டல் தேர்வில் ஒரு மதிப்பெண் இழந்து, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். ‘சி’ எழுத்துக்குப் பின்னால் தவிர மற்ற இடங்களில் ‘ஐ’தான் முன்னால் வரும் என்று பள்ளியில் கற்பித்த விதியை அவள் அப்படியே பின்பற்றியிருந்தாள்.

பெற்றோர்களே, அந்த விதியைத் தனியாகப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். சீஸ் (கைப்பற்றுதல்), நெய்பர், ஃபாரின், ஹைட் (உயரம்), நெய்தர் என்று அதை மீறும் சொற்கள் அன்றாடம் புழங்குபவை. அவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ‘வியர்ட்’ சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் ‘நாம்’ என்று பொருள்படும் ‘வீ’ என்ற சொல்லாகவே அமைகின்றன என்று காட்டினால் பிள்ளை பிறகு மறக்காது. நாளுக்கு ஐந்து சொற்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம்; வாயால் சொல்லவைப்பதைவிடக் கையால் எழுதவைப்பதே பலன் தரும்; தவறான வடிவத்தை எழுதிக் காட்டித் திருத்தச் சொல்வதை அறவே தவிருங்கள், ஏனெனில் கண்ணில் அதுதான் பதிந்துவிடும்.

வேர்தேடி எழுதியது:

செம்மசி அவர்களே, அச்சுக்கூட்டல் எதுவானாலும் பொருளில் ஐயமில்லை. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது 1577இல் முதலில் வெளிவந்த, ஹாலின்ஷெட் என்பவரின் வரலாற்று நூலிலிருந்து. அந்த நூலே இந்தச் சகோதரிகளை விதியின் தெய்வங்கள் என்று விளக்குகிறது. ஸ்காட்லாந்தில் பேச்சில் நிலைத்திருந்த பொருள் அதுதான். வடகடல் கேட்டதும் அதன் தொடர்ச்சியே. ‘அமானுஷ்யமான’ என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஷெல்லி போன்ற கவிஞர்களின் காலத்தில் பரவியது. 1923இல் சிகாகோவில் ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற திகில் கதை இதழ் தொடங்கியபோது விதி என்ற பொருள் பெரும்பாலோர் நினைவிலிருந்து மறைந்திருந்தது.

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். ஒரு வங்கிக்காக இரவில் ஓடும் கணக்குச் சரிபார்ப்பு நிரல், ஒரே ஒரு நாள் மட்டும் இரண்டு முறை ஓடியிருந்தது. வெளிநாட்டிலிருந்த மேற்பார்வையாளர் அந்தப் பதிவுக்கு எதிரே ‘வியர்ட்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பினார். அவர்கள் நாட்டில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய இரவு அது என்று கண்டுபிடித்துச் சொன்னதும், அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் பிழை எண் ஒன்றைப் போட்டார். காரணம் தெரியாதவரை மட்டுமே அது அவருக்கு ‘வியர்ட்’. நம் கைக்கு எட்டாத ஏதோ ஒன்று நடத்துகிறது என்ற பழைய உணர்வு இந்தப் பயன்பாட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

வடமொழியில் சுழலுதலைக் குறிக்கும் ‘வ்ருத்’ என்ற வேரும் ‘விர்ட்’ சொல்லின் அதே இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்ப மூலத்தைச் சேர்ந்தது. நாம் கடன்வாங்கிப் புழங்கும் ‘விருத்தம்’, ‘வர்த்தமானம்’ ஆகியவை அந்த வழியில் வந்தவை. பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) புராணத்தில் விதியை வகுக்கும் மூன்று பெண்களில் ஒருத்தியின் பெயரான ‘உர்த்’ என்பதும் ‘விர்ட்’ சொல்லின் நேர் உறவு. நார்ஸ் மூலங்களைப் படித்தவர்கள் இருந்தால், அந்த மூவருக்கும் ஹாலின்ஷெட் சொல்லும் மூவருக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதுங்கள்.