சப்ளையரின் வேகத்துக்கு எத்தனை ரூபாய் போடலாம்?

கோவைப் பக்கம் பம்ப் கம்பெனிகளில் பர்ச்சேஸ் பார்ப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

காஸ்டிங் (உருக்கி வார்த்த உலோகப் பாகம்) தரும் ஃபவுண்டரிகளை இப்படி அளக்கிறோம்: கொட்டேஷன் வர எத்தனை மணி, பி.ஓ.வுக்கு (பர்ச்சேஸ் ஆர்டருக்கு) ஒப்புதல் வர எத்தனை மணி, ரிஜெக்ட் ஆனதுக்கு மாற்று வர எத்தனை நாள். சராசரி எடுப்பதில்லை, மீடியன்தான் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்); சராசரியில் ஒரே ஒரு 40 நாள் தாமதம் கணக்கையே கெடுத்துவிடும். டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) விட்டுப்போய் அவர்கள் திருப்பிக் கேட்டால் அந்த நேரம் நம் தலையில். தேதி தள்ளிப்போகும்போது இ.ஆர்.பி.யில் (ஆர்டர், ஸ்டாக் பதியும் சாஃப்ட்வேரில்) பழைய தேதி மேலேயே புதுசை அடித்தால் எல்லாரும் நூற்றுக்கு நூறுதான்! முதல் தேதி தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும்.

சிக்கல் ரூபாய்க் கணக்கில். தினம் 40 கேசிங் (பம்பின் வெளிக்கூடு), தேவை நிலையானது. லீட் டைமின் (ஆர்டர் போட்டு சரக்கு வரும் காலத்தின்) திட்ட விலகல் 4 நாளிலிருந்து 2 ஆனால், 95 சதவீத சர்வீஸ் லெவலுக்கு (நூற்றில் 95 முறை ஸ்டாக் தீராமல் இருக்க) சேஃப்டி ஸ்டாக் (தாமதத்தைச் சமாளிக்க வைக்கும் கூடுதல் இருப்பு) 264லிருந்து 132 ஆகிறது. பீஸ் 600 ரூபாய், வட்டி 12 சதவீதம் என்றால் வருஷத்துக்கு மிச்சம் 9,504 ரூபாய். வருஷத்தின் 12,000 பீசுக்குப் பிரித்தால் 80 பைசாகூடத் தேறவில்லை. வேகமான ஃபவுண்டரியோ பீசுக்கு 5 ரூபாய் கூடக் கேட்கிறது.

காஸ்டிங் வராமல் அசெம்பிளி லைன் நிற்கும் நஷ்டத்தையும் சேர்த்தால்தான் அந்த 5 ரூபாய் கட்டும். அதை எப்படிப் போடுகிறீர்கள்? நின்ற மணிக்கான கூலி மட்டுமா, போகாத பம்பின் லாபமுமா? பிறகு ஓவர்டைமில் ஓட்டி ஈடுகட்டினால் எதைக் கழிப்பது?