விளம்பர மாநாட்டு மேடையில் பத்திரிகையாளர்கள்: நீங்கள் நேரில் கேட்டது என்ன?

ஜெர்மனியில் ஒரு செய்தித் தளத்தின் விளம்பரப் பிரிவில் வேலை செய்கிறேன். 2020, 2021 இரண்டு ஆண்டும், இணைய விளம்பரத் துறையின் ஆண்டுக் கூட்டமான டிமெக்ஸ்கோ மாநாடு இணையவழியாகத்தான் நடந்தது. 2022 செப்டம்பரில் மறுபடி கொலோன் கண்காட்சி வளாகத்தில் கூடியபோது ஆசையோடு போனேன். டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே போய்விடலாம். குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீயை (விளம்பர நிறுவனங்கள் தளம் தளமாக நம்மைப் பின்தொடர உலாவியில் வைக்கும் சிறு கோப்பு) நீக்குவதை 2024க்குத் தள்ளிவைப்பதாக கூகுள் ஜூலையில்தான் அறிவித்திருந்தது. பெரிய மேடைகளில் ஊடக நிறுவனத் தலைவர்களின் பேச்சு அதைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

எனக்கு நினைவில் நிற்பது ஓரத்துச் சின்ன அரங்கில் பேசிய ஒரு செய்தி ஆசிரியர். உக்ரைன் போர்ச் செய்திகளைப் பார்த்துக்கொள்பவர். தன் தளத்தின் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டினார். குண்டுவீச்சுக்கு நடுவே பல நாள் தங்கி நிருபர் எழுதிய கட்டுரை அது. அன்றைக்கு அவர்கள் தளத்தில் அதிகம் பேர் படித்ததும் அதுதானாம். விளம்பரக் கட்டங்கள் மட்டும் காலி.

காரணம் எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தைத் திறந்ததும், கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்தக் கட்டத்துக்கு ஏலம் நடந்து முடிகிறது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒரு மென்பொருள் ஏற்கெனவே படித்து வைத்திருக்கும். விளம்பரதாரரின் பிளாக்லிஸ்டில் (தன் விளம்பரத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று அவர் ஒதுக்கிய சொற்களின் பட்டியல்) உள்ள சொல் ஒன்று அகப்பட்டாலும் அவர் ஏலம் கேட்க மாட்டார். ‘போர்’ என்ற சொல் இல்லாமல் போர்ச் செய்தி எழுத முடியுமா?

“நிருபருக்குக் குண்டு துளைக்காத அங்கி வாங்குகிறோம், காப்பீடு கட்டுகிறோம். அந்தச் செய்தியே எங்களுக்கு ஒன்றும் ஈட்டித் தருவதில்லை” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அப்புறம் காபி வரிசையில் அவரைப் பிடித்து எங்கள் கதையைச் சொன்னேன். ஜெர்மனில் ‘ஆங்கிரிஃப்’ என்றால் தாக்குதல். கால்பந்திலும் அதே சொல்தான் (நம் விளையாட்டுப் பக்கங்களிலும் ‘தாக்குதல் ஆட்டம்’ என்றுதானே எழுதுகிறோம்). அதனால் எங்கள் கால்பந்துச் செய்திகள் சிலவற்றுக்கும் விளம்பரம் வராமல் போயிருக்கிறது. உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எத்தனையோ ஆண்டுகளாகப் பத்திரிகையாளர்களுடன் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். என் வேலை என்ன என்று அக்கறையோடு கேட்ட முதல் பத்திரிகையாளர் அவர்தான்.

*

மேலே நண்பர் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் எதிர்ப் பக்கம். லண்டனில் ஓர் ஏஜென்சியில் விளம்பர இடம் வாங்கும் வேலை.

கார்டியன் நாளிதழின் வருவாய்த் தலைவர் 2016இல் ஒரு துறைக் கூட்டத்தில் பேசியது இன்னும் நினைவிருக்கிறது. தங்கள் தளத்தின் விளம்பர இடத்தைத் தாங்களே காசு கொடுத்து வாங்கிப் பார்த்தார்களாம். மிக மோசமான நேரத்தில், கொடுத்த ஒரு பவுண்டில் 30 பென்ஸ்தான் திரும்பி வந்ததாம், மீதி இடையில் இருக்கும் நிறுவனங்களுக்குப் போய்விட்டதாம். எங்கள் ஆபீஸில் அப்போது அதுதான் பேச்சு. 2020இல் விளம்பரதாரர் சங்கமான இஸ்பாவுக்காக பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம் செய்த ஆய்விலும், விளம்பரதாரர் கொடுத்த பணத்தில் பதிப்பாளருக்குப் போய்ச் சேர்ந்தது 51 சதவீதம்தான். 15 சதவீதம் யாரிடம் போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். 2019இல் ஒரு மாநாட்டில், ஒரு நாளிதழின் டிஜிட்டல் பிரிவுத் தலைவர் எங்களைப் பார்த்து, “உங்கள் பிளாக்லிஸ்டைக் கடைசியாக எப்போது திறந்து படித்தீர்கள்?” என்று கேட்டார். அரங்கில் ஒரு பதிலும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது, ஏனென்றால் நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை.

மறுநாள் காலை திறந்தேன். பக்கம் பக்கமாகப் போனது. நடுவில் ‘மான்செஸ்டர்’. 2017 மே மாதம் அங்கே இசை நிகழ்ச்சியில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்களே, அப்போது யாரோ சேர்த்திருக்க வேண்டும். எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெரிய நகரம், இரண்டு கால்பந்து அணிகள், அங்கே நடந்த கல்யாணம் கச்சேரி எல்லாம் இரண்டு ஆண்டாக எங்களுக்கு ‘ஆபத்தான’ செய்தி.

மேலதிகாரி, சட்டப் பிரிவு, கிளையண்ட் என்று மின்னஞ்சல் சுற்றி, அந்த ஒரு சொல்லை எடுக்க ஐந்து வாரம் ஆனது. எடுத்த அன்று மாலை அந்த ஊரின் செய்தித் தளம் ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பள்ளி ஆண்டு விழாச் செய்திக்குப் பக்கத்தில் எங்கள் கிளையண்டின் விளம்பரம் வந்தது.