எஸ்யூவி முகம், 660 கிலோ எடை: சின்னக் கார் அனுபவங்கள்

2016-இல் எங்கள் வீட்டுக்கு முதல் கார் வாங்கக் கிளம்பியபோது அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என் மகளுக்கோ வண்டி உயரமாக, கம்பீரமாக இருக்க வேண்டும். கையில் இருந்தது நான்கு லட்சம். இருவரையும் ஒன்றாகத் தலையாட்ட வைத்தது ரெனால்ட் க்விட். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாரான கார் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

தூக்கிய பானெட், சக்கர வளைவைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக், 180 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) எனப் பார்வைக்கு எஸ்யூவிதான். எடையோ 660 கிலோ. 800 சிசி எஞ்சினுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 25.17 கி.மீ. இது எப்படிச் சாத்தியமானது என்பது வண்டியைக் கழுவும்போதுதான் புரிந்தது. சக்கரம் 13 அங்குலம்தான். அது சின்னதாகத் தெரியாதபடி அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்றே நட்டு, முன் கண்ணாடிக்கு ஒரே வைப்பர். வடிவத்தாலும் நிறத்தாலும் வந்த அழகு அது. அழகுக்காகக் கனமான பொருள் எதையும் ஏற்றவில்லை. அந்த வடிவமைப்பாளர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

உயரமான முகத்துக்கு ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது. அதை நெடுஞ்சாலையில் பார்த்தேன். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும்போது வேகம் 80-ஐத் தாண்டாமல் ஓட்டினால் மைலேஜ் 22 வரை கிடைக்கும். அவசரமாக 100, 110 என்று போன நாளில் 17 கூடத் தேறவில்லை. (டேங்க்கை நிரப்பி, மறுபடி நிரப்பிப் போட்ட கணக்கு.) வேகம் 80-இலிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். கம்பெனி சொல்லும் எண், வண்டியை உருளைகள் மேல் ஓட்டி, வேகம் 90-ஐத் தாண்டாமல் அளந்தது. அதனால் ஷோரூமில் கேட்ட எண்ணை விரைவுச்சாலையில் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்று. தீபாவளிக்கு ஊருக்குப் போக மேலே கேரியர் மாட்டினேன். பார்க்க அழகாக இருக்கிறதே என்று மூன்று மாதம் கழற்றவில்லை. வெறும் கேரியருக்கே மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறைந்தது. இப்போது அது மொட்டை மாடியில் இருக்கிறது.

உங்கள் வண்டியில் அழகுக்காக மைலேஜை விட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவும்.

*

கோவையிலிருந்து எழுதுகிறேன். டாக்ஸி ஓட்டுகிறேன். எங்கள் தொழிலில் மாருதி டிசையர் மாதிரி டிக்கி வைத்த வண்டிதான் சோறு போடுகிறது. 2008-இல் வந்த முதல் டிசையரின் நீளம் 4160 மி.மீ. நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் 2012-இல் அதை 3995-க்குக் கொண்டுவந்தார்கள். டிக்கி வெட்டின மாதிரி இருக்கிறதே என்று சவாரிக்கு வந்தவர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2017-இல் அதே நீளத்துக்குள் அடுத்த வண்டி வந்தது. கூரை பின்னால் இறங்கும் கோடு டிக்கியோடு சேர்ந்து போனது, எடையும் சுமார் 90 கிலோ குறைந்தது, டீசலுக்கு 28.4 என்று சான்றிதழ். பார்க்கவும் நன்றாக ஆனது, டீசலும் மிச்சமானது. எடையைக் குறைத்தால் இரண்டும் கிடைக்கும் என்று அன்றுதான் நம்பினேன்.

ஆனால் எடையைக் குறைப்பதிலும் ஒன்று கவனிக்க வேண்டும் அண்ணே. நீங்கள் சொன்ன க்விட்டை 2016 மே மாதம் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஸ்டார் எதுவும் கிடைக்கவில்லை. மைலேஜ் கேட்கிறவர்கள் கூடவே இதையும் கேட்க வேண்டும். என் வண்டியில் தினமும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து வருகிறார்கள்.

*

அழகுக்காக நான் மைலேஜை விட்டது டயரில். வண்டிப் பெயர் வேண்டாம். மெலிசான டயர் பார்க்க நன்றாக இல்லை என்று 165 மி.மீ. அகல டயரைக் கழற்றி, அலாய் வீலோடு 195 போட்டேன். "மைலேஜ் ஒண்ணும் குறையாது சார்" என்றார் கடைக்காரர். மதுரை ஊருக்குள் 18 கொடுத்த வண்டி 16-க்கு இறங்கியது. ஸ்டீயரிங்கும் கனத்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தேன். 100 கி.மீ. போனால் மீட்டர் 97 என்றுதான் காட்டியது. புது டயரின் சுற்றளவு பெரிது, அதனால் ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. அதைச் சரிசெய்தால் உண்மையில் 16.5. ஆக, இழப்பு நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான். இருந்தாலும் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு அஞ்சு லிட்டர் கூடுதல் செலவு.

*

கோவைத் தம்பி சொன்னது சரி. அன்று மோதல் சோதனை பற்றி நான் கேட்கவே இல்லை. அடுத்த காருக்கு அப்பாவின் கேள்விக்கு முன்னால் அதைக் கேட்பேன்.

மதுரை நண்பரே, கழற்றிய பழைய வீல்களை விற்றுவிட்டீர்களா? வைத்திருந்தால் அந்த அளவிலேயே டயர் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஜிபிஎஸ் கணக்கோடு எழுதினால் நானும் என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.