ஏரி உபரிநீர் திறப்புக்கான மென்பொருள்: வரத்துக் கணக்கு தாறுமாறாக ஆடுவது ஏன்?

மடைவாயன் கேட்டது:

செம்பரம்பாக்கம் போன்ற ஏரிக்கு, ஷட்டரை எப்போது, எவ்வளவு திறக்கலாம் என்று பொறியாளர் முடிவெடுக்க உதவும் மென்பொருளை வடிவமைக்கிறோம். சென்சார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அனுப்பும். கொள்ளளவு அட்டவணையைப் பார்த்து இருப்பு மாறிய அளவைக் கண்டுபிடித்து, அதோடு வெளியேற்றத்தைக் கூட்டினால் வரத்து. ஆனால் மழையே இல்லாத நேரத்திலும் விநாடிக்கு 9,000 கன அடி வரத்து என்கிறது. அடுத்த கால் மணியில் மைனஸ் 7,000. சென்சார் பழுதா? இன்னொன்று: எல்எஸ்டிஎம் (பழைய தரவின் கால வரிசையிலிருந்து கற்கும் செயற்கை நுண்ணறிவு வகை) மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்து, "இத்தனை கன அடி திற" என்று ஒரே எண்ணாகக் காட்டலாமா?

கலங்கல்:

சென்சார் பழுதாக இருக்க வேண்டியதில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீர்ப்பரப்பு 25 சதுர கி.மீ. என்று வைத்தால், 1 செ.மீ. என்பது 2.5 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 8.8 மில்லியன் கன அடி. இதைக் கால் மணியின் 900 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 9,800 கன அடி வந்துவிடும்! ஒரு சென்டிமீட்டர் அலை அடித்தாலே உங்கள் திரையில் வெள்ளம்.

முதலில் சென்சாரை, அடியில் சிறு துளை போட்ட செங்குத்துக் குழாய்க்குள் இறக்குங்கள், அலை அடங்கும். காற்றுக்கு அது போதாது. வடகிழக்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீர் ஒரு கரைப் பக்கம் ஒதுங்கி, மட்டம் சில சென்டிமீட்டர் பொய் சொல்லும். எதிரெதிர்க் கரைகளில் இரண்டு அளவீடு எடுத்துச் சராசரி பாருங்கள். பிறகு கால் மணிக்கு ஒருமுறை கழிப்பதை விட்டுவிட்டு, கடைசி 2–3 மணி நேரப் புள்ளிகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்தி அதன் சரிவை எடுங்கள். இதில் தாமதம் உண்டுதான். ஆனால் உண்மையிலேயே 20,000 கன அடி வரும்போது மணிக்கு 8 செ.மீ. ஏறும், அப்போது ஒரு மணி நேரச் சாளரமே (கோடு பொருத்த எடுக்கும் கால அளவே) போதும். ஏறும் வேகத்தைப் பொறுத்துச் சாளரம் தானே குறுகும்படி எழுதுங்கள்.

அடுத்த சிக்கல் அளவுகோல். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கடல் மட்டத்திலிருந்து அதுவே 85.40 அடி. ஒரு அட்டவணை 21 என்றும் இன்னொன்று 82.40 என்றும் சொன்னால் இரண்டும் ஒன்றே. தரவுத்தளத்தில் ஒரே அளவுகோலை மட்டும் வையுங்கள்.

லஸ்கர்:

மழைத் தரவில் தேதியைக் கவனியுங்கள். வானிலை மையத்தின் தினசரி மழை, காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை. முடியும் நாளின் பெயரில் பதிவாகும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்தில் வெளியேற்றம் 29,000 கன அடி வரை போனது. அதற்குக் காரணமான மழையோ 2-ஆம் தேதிக் கணக்கில் இருக்கும். தேதியை மட்டும் வைத்து இணைத்தால், தண்ணீர் திறந்த பிறகு மழை பெய்ததாக உங்கள் மாதிரி கற்றுக்கொள்ளும்.

மழைமானியிலிருந்து தரவு வராவிட்டால் 0 என்று நிரப்பாதீர்கள், வெற்றாகவே விடுங்கள். புயலில் கைபேசிக் கோபுரம் முதலில் படுக்கும். லாகர் (அளவீடுகளைப் பதிந்து வைக்கும் கருவி) சேமித்து வைத்துப் பின்னால் அனுப்பும் தரவு, அளந்த நேரத்தில் போய் உட்கார வேண்டும். கரையில் இருப்பவர் அளவுகோலைப் பார்த்துக் கையால் பதிய ஒரு எளிய பக்கமும் கட்டாயம் வேண்டும்.

மடைவாயன்:

நன்றி, சரிவு முறை பொருத்துகிறோம். எல்எஸ்டிஎம்?

கலங்கல்:

பயிற்றுவிக்கப் பெருவெள்ளங்கள் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? மேலே இருக்கும் சிற்றேரிகள் நிரம்பும்வரை மழையை விழுங்கிக்கொள்ளும், நிரம்பிய பின் மொத்தமாகத் தள்ளிவிடும். சாதாரண ஆண்டுகளின் தரவில் இந்தத் திருப்பமே தெரியாது. சிற்றேரிகளின் இருப்பைச் சேர்த்து, மழையிலிருந்து நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளான ஹெச்இசி-ஹெச்எம்எஸ்ஸில் ஓட்டுங்கள், இலவசம்தான்.

ஒரே எண் வேண்டாம். முன்கூட்டித் திறந்து மழை பொய்த்தால் சென்னையின் குடிநீர் போயிற்று. தாமதித்தால் அடையாற்றங்கரை மூழ்கும். அந்தத் தராசைப் பிடிப்பவர் பொறியாளர். அவருக்குத் தேவை கெடு. எடுத்துக்காட்டாக, 500 மில்லியன் கன அடி இடம் மீதி, வரத்து 8,000 கன அடி. திறக்காவிட்டால் 17 மணி நேரத்தில் நிரம்பும். இப்போதே 3,000 திறந்தால் 28 மணி நேரம் கிடைக்கும். 12 மணி நேரம் சும்மா இருந்து, பிறகு வரத்து 15,000 ஆனால், மிச்சம் மூன்று மணி நேரம்கூட இல்லை. குறைந்த, நடு, அதிக வரத்து என மூன்று நிலைக்கும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

லஸ்கர்:

அடையாற்றில் ஓடுவது ஏரித் தண்ணீர் மட்டுமல்ல. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து உபரியும் சேரும். "திறக்கத்தக்க அளவு" என்பதை ஏரியிலிருந்து கணக்கிடாமல், ஆற்றின் தாங்குதிறனில் மற்ற வரத்தைக் கழித்து எடுங்கள். முகத்துவாரத்தில் கடல் ஏற்றம் இருந்தால் இன்னும் குறையுங்கள்.

தரவுத்தளத்தின் ஒவ்வொரு வரிசைக்கும் அளந்த நேரம், வந்து சேர்ந்த நேரம் என இரண்டு நெடுவரிசை வைத்துவிடுங்கள். வெள்ளம் வந்த இரவு பத்து மணிக்குத் திரையில் என்ன தெரிந்தது என்று பிறகு விசாரணை வந்தால், அதை அப்படியே திரும்பக் காட்ட வேறு வழியில்லை.