புதுப்பிப்பு: குப்பை வண்டி அக்காமார் சங்கம் என்னவாயிற்று?

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் குப்பை எடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கையுறையும் இல்லை, சம்பளத் துண்டும் இல்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். பிறகு என்ன நடந்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

சங்கம் தொடங்க நூறு பேராவது வேண்டும் என்று நான்தான் பிழையாக நினைத்திருந்தேன். 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி பதிவு விண்ணப்பத்தில் 7 பேர் ஒப்பமிட்டால் போதும். ஆறு பேர் உடனே சரி என்றார்கள். ஏழாவது அக்கா பேனையை வாங்கிவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போத்தல் ஓடு வெட்டிய காயம். சொப்பின் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார். "வேலை போனால் நீங்களோ தம்பி சோறு போடுவியள்?" என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்து ஒப்பம் வைத்தார்.

அப்புறம் ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஓய்வு காலத்துக்கான சேமிப்பு (EPF). சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியுடையது, அதற்கு மேல் 12 வீதம் முதலாளி கட்ட வேண்டும். 'தற்காலிக வேலைதானே' என்ற சாட்டு செல்லாது. ஒப்பந்தக்காரர் இன்னும் மழுப்புகிறார். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதியாயிற்று.

கையுறை மட்டும் வந்துவிட்டது. எல்லாம் ஒரே அளவு, பெரிய ஆம்பிளைக் கைக்கு. அக்காமார் மணிக்கட்டில் ரப்பர் பட்டி போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள்.