க்ரூகரில் 5 வயதுப் பிள்ளையோடு: வாடகைக் காரா, லாட்ஜ் ஜீப்பா?

வைகைக்கரை: செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறைக்குத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா போகத் திட்டம். பிள்ளைகளுக்கு 5, 9 வயது. அம்மாவுக்கு 68. பூங்கா முகாமில் தங்கி நாமே கார் ஓட்டுவதா, பூங்காவை ஒட்டியுள்ள சபி சாண்ட் தனியார் காப்பகத்தில் லாட்ஜா?

கானகன்: லாட்ஜ்தான். இரண்டுக்கும் நடுவே இருந்த வேலியை 1993-லேயே எடுத்துவிட்டார்கள், விலங்குகள் அங்கும் இங்கும் போய்வருபவைதான். ஆனால் க்ரூகரில் நீங்கள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. சிறுத்தை புதருக்குள் 40 மீட்டர் போய்ப் படுத்தால் வால்கூடத் தெரியாது. லாட்ஜ் ஜீப் உள்ளே இறங்கும், தடம் பார்ப்பவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். ரேடியோவில் பேசிக்கொண்டு ஒரு விலங்கைச் சுற்றி இரண்டு மூன்று வண்டிக்கு மேல் சேரவிட மாட்டார்கள். க்ரூகர் தார்ச்சாலையில் சிங்கம் வந்தால் கார்கள் வரிசைகட்டிப் பாதையையே அடைத்துவிடும்.

செம்மண்தடம்: 5 வயதுப் பிள்ளையைக் கணக்கில் எடுக்கவே இல்லையே நீங்கள். பல லாட்ஜ்கள் 6 வயதுக்குக் கீழே திறந்த ஜீப்பில் ஏற்றுவதில்லை. சில, முழு வண்டியையும் நீங்களே எடுத்தால்தான் ஏற்றும். அதில் நியாயம் உண்டு. விலங்குகள் வண்டியையும் ஆட்களையும் சேர்த்து ஒரே உருவமாகத்தான் பார்க்கின்றன. பிள்ளை எழுந்து நின்றாலோ கத்தினாலோ அது குலைந்துபோகும். விடியற்காலைக் குளிரில் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்வது பிள்ளைக்கும் கஷ்டம், பாட்டிக்கும் கஷ்டம். காரில் பசித்தால் சாப்பிடலாம், தூக்கம் வந்தால் தூங்கலாம், போதுமென்றால் முகாமுக்குத் திரும்பலாம். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

பூங்கா முகாம்களில் லோயர் சபியில் மூன்று இரவு, சடாராவில் இரண்டு இரவு போடுங்கள். ஸ்குகுசா முகாமிலிருந்து லோயர் சபி வரை ஆற்றையொட்டிப் போகும் எச்4-1 சாலை சுமார் 46 கிலோமீட்டர். தாரில் 50, மண்பாதையில் 40 வேக வரம்பு என்றாலும், நின்று பார்த்துப் போனால் மணிக்கு 20–25தான் தேறும். செப்டம்பரில் முகாம் கதவு காலை 6-க்குத் திறந்து மாலை 6-க்கு மூடும், பிந்தினால் அபராதம். செடான் எடுக்காதீர்கள், உயரமான வண்டி இல்லாவிட்டால் பின்சீட்டுப் பிள்ளைக்குக் காய்ந்த புல் மட்டுமே தெரியும்.

கானகன்: யானை வழிமறித்தால்? புதிதாகப் போகிறவருக்கு அதன் மனநிலை எப்படிப் புரியும்?

செம்மண்தடம்: நல்ல கேள்வி, நம்மவர்கள் தவறுவதும் இங்கேதான். ஆப்பிரிக்க யானையில் பெண், குட்டிக்கும் கன்னச் சுரப்பி வழியும். கன்னம் ஈரமாக இருப்பதை மட்டும் வைத்து மதம் என்று சொல்லிவிட முடியாது. ஆண் யானை தலையை நிமிர்த்தி நடக்கிறதா, பின்னங்கால் உட்புறம் சிறுநீர் சொட்டி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தூரத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வண்டியை விடவே கூடாது. பின்னால் வருபவர் ஒட்டி நின்றுவிட்டால் உங்களுக்குப் போக வழியிருக்காது, அதனால் யானையைக் கண்டதுமே இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

நொச்சி: மருந்தை யாரும் பேசவில்லை. செப்டம்பர் கடைசியில் மலேரியா குறைவுதான், இல்லாமல் இல்லை. தடுப்பு மாத்திரை அட்டோவாக்வோன்-ப்ரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் 7 நாள். பிள்ளைக்கு எடைப்படி அளவு, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்னொரு தடுப்பு மாத்திரையான டாக்ஸிசைக்ளின் 8 வயதுக்குக் கீழ் கூடாது. மாத்திரையே வேண்டாமென்றால் தென்னாப்பிரிக்காவிலேயே மலேரியா இல்லாத மடிக்வே, பிலானஸ்பெர்க் காப்பகங்கள் இருக்கின்றன. அடிஸ் அபாபா, நைரோபி வழி டிக்கெட் என்றால் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும்படி எடுக்காதீர்கள். அப்படிக் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும், அதுவும் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும்.

கானகன்: மடிக்வே சரியான யோசனை, பிள்ளைகளை ஏற்கும் லாட்ஜ்கள் அங்கே உண்டு. க்ரூகர்தான் என்றால், ஒரு மாலையாவது மூத்த பிள்ளையை மட்டும் பூங்காவின் சொந்த சூரியாஸ்தமன சஃபாரிக்குக் கூட்டிப்போங்கள். கதவு மூடிய பிறகு வெளியே இருக்க அதற்குத்தான் அனுமதி. மரநாய் போன்றவை இருட்டிய பிறகுதான் வெளியே வரும், காரில் கிடைக்காது.

செம்மண்தடம்: அதில் எனக்கும் மறுப்பில்லை. சின்னவனும் பாட்டியும் முகாமிலேயே இருக்கட்டும். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிய அன்றே ஓட்டாதீர்கள், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு விமானத்துக்குப் பிறகு அது ஆபத்து. அங்கும் பள்ளி விடுமுறை அதே சமயம் வரும். பதினோரு மாதம் முன்பே முகாம் முன்பதிவு தொடங்கிவிடும், லோயர் சபிதான் முதலில் நிரம்பும்.