பாடம் நடத்துகிற இடத்தில் போராட்டத்துக்கு என்ன வேலை? ஜூன் ஜோர்டனின் வகுப்பை முன்வைத்து

கரிசல்:
அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியவாதிகள் கல்லூரிகளில் எப்படிப் பாடம் நடத்தினார்கள் என்ற பேச்சு வந்தாலே கோட்பாட்டோடு நின்றுவிடுகிறோம். ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு பேசலாம்.

1980களின் நடுவில், நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில், கறுப்பினக் கவிஞர் ஜூன் ஜோர்டன், கறுப்பின மக்கள் பேசுகிற கறுப்பின ஆங்கிலத்தையே ஒரு பாடமாக நடத்தினார். தாங்கள் வீட்டில் பேசும் பேச்சுக்கு மாணவர்களே உட்கார்ந்து இலக்கணம் எழுதினார்கள். அதில் ஒரு விதி, செயப்பாட்டு வினை கிடையாது. 'கறுப்பின ஆங்கிலம் அழிக்கப்படுகிறது' என்று சொல்ல முடியாது. 'வெள்ளைக்காரர்கள் கறுப்பின ஆங்கிலத்தை அழிக்கிறார்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். செய்தது யார் என்பதை மறைத்துப் பேசவே வழியில்லை.

அந்த வகுப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அதில் படித்த ஒரு மாணவரின் சகோதரரை புரூக்ளினில் போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர் கையில் ஆயுதம் இல்லை. போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுத வகுப்பு முடிவு செய்தது. கறுப்பின ஆங்கிலத்தில் எழுதுவதா, பத்திரிகைகளில் வருகிற பொது ஆங்கிலத்தில் எழுதுவதா என்று நீண்ட நேரம் விவாதம் நடந்தது. கடைசியில், கடிதத்தின் முதல் பத்தியைச் செத்துப்போனவரின் மொழியில்தான் எழுதுவது என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். இப்படி எழுதினால் அச்சேறாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியே ஆனது, 'நியூஸ்டே', 'வில்லேஜ் வாய்ஸ்' என்ற இரண்டு பத்திரிகைகளுமே போடவில்லை.

என் கணக்கில் இதைவிடப் பெரிய கல்வி கிடையாது.

வைகறை:
நானும் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். இலக்கணம் எழுத வைத்தது அருமையான வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கடிதம் எழுதியதில்தான் சிக்கல். பொது ஆங்கிலத்தில் ஜோர்டன் பெரிய கைகாரர், கட்டுரைகளும் கவிதைகளும் எழுதிப் பெயர் வாங்கியவர். கடிதம் அச்சேறாததால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இழப்பெல்லாம் செத்தவரின் குடும்பத்துக்குத்தான். மதிப்பெண் போடுகிற ஆசிரியர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது, எதிர்த்துப் பேச நினைக்கிற மாணவருக்கு வாய் வருமா? ஒருமனதாக என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

கரிசல்:
மதிப்பெண் போடும் அதிகாரம் எல்லா வகுப்பிலும் இருப்பதுதானே? கொலை நடந்த மறுவாரமும் வழக்கம்போலப் பாடத்தை நடத்திவிட்டுப் போகிற ஆசிரியரும் ஒரு பக்கம்தான் நிற்கிறார். அதை யாரும் அரசியல் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். தவிர, மொழியை மாற்றிக்கொண்டால் கொன்றவர்களின் மொழிக்குப் போகிறோமே என்றும், மாற்றாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்களே என்றும் அந்த வகுப்பு இரண்டு பக்கமும் அலைந்துதான் முடிவுக்கு வந்தது. ஜோர்டன் மறுவருடம் எழுதிய கட்டுரையில் இது விரிவாகவே இருக்கிறது.

தாமரைக்குளம்:
இடையில் ஒரு விஷயம். ஜோர்டன் இதைத் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியில் இருக்கும் சிட்டி காலேஜில் 'சீக்' என்று ஒரு திட்டம் இருந்தது. ஏழைக் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோ மாணவர்களைச் சேர்த்து, உதவித்தொகை, ஆலோசகர், கூடுதல் வகுப்பு எல்லாம் கொடுத்த திட்டம். அதில் ஜோர்டன், ஆட்ரி லார்ட், டோனி கேட் பம்பாரா, பார்பரா கிறிஸ்டியன் என்று கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் பலரும் பாடம் நடத்தினார்கள். ஹார்லெமுக்கு நடுவில் இருந்தும் கல்லூரி மிகப் பெரும்பாலும் வெள்ளையர்களுடையதாகவே இருந்தது. 1969 ஏப்ரலில் மாணவர்கள் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றி ஐந்து கோரிக்கைகள் வைத்தார்கள். ஆசிரியராகப் போகிறவர்கள் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோ வரலாற்றையும் ஸ்பானிய மொழியையும் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 1970இல், சிட்டி காலேஜ் சேர்ந்திருக்கும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் முழுவதுமே திறந்த சேர்க்கைக்கு, அதாவது உயர்நிலைப் பள்ளி முடித்த யாருக்கும் இடம் என்பதற்கு, மாறியதற்கு இந்தப் போராட்டம்தான் காரணம்.

வைகறை:
அந்தத் திறந்த சேர்க்கையால் தரம் என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாக்கியம் அமைக்கத் தெரியாத பிள்ளைகள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள், ஆசிரியர்கள் திணறிப்போனார்கள்.

தாமரைக்குளம்:
திணறினார்கள், உண்மைதான். 1969இல் நகரப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் சேர்ந்தவர்கள் சுமார் 20,000. அடுத்த வருடம் சுமார் 35,000. அதற்கேற்ற கட்டடமும் இல்லை, ஆளும் இல்லை. நகரத்துக்கு நிதி நெருக்கடி வந்ததும் ஆசிரியர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். 1847இலிருந்து இலவசமாக இருந்த படிப்புக்கு 1976இல் கட்டணமும் போட்டார்கள். ஆறு வருடம்கூட ஒழுங்காக விடாமல், தரம் போய்விட்டது என்று மாணவர்கள் தலையில் பழியைப் போடுவது நியாயமா? திறந்த சேர்க்கையில் உள்ளே வந்தவர்களில் இத்தாலிய, ஐரிஷ், யூதத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். கறுப்பின மாணவர்கள் கேட்டு வாங்கியது எல்லோருக்கும் பயன்பட்டது.

கரிசல்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் எழுதியிருப்பதைப் பாருங்கள். கென்டக்கியில், கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தனியாக இருந்த பள்ளியில் அவருக்குப் பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். பிள்ளையின் வீடு, வாசல், அப்பா அம்மா எல்லாம் அவர்களுக்குத் தெரியும். படிக்க வைப்பதையே எதிர்ப்பாக நினைத்தவர்கள். பிறகு வெள்ளையர் பள்ளிக்குப் போனபோது, கீழ்ப்படிவதைத்தான் அங்கே எதிர்பார்த்தார்கள் என்கிறார். ஆக, போராட்டம் யாரோ வெளியிலிருந்து வகுப்பறைக்குள் கொண்டுவந்து நுழைத்த சரக்கு கிடையாது.

வைகறை:
சரி, 1976 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பணத்தைப் பிடுங்கிக்கொண்டு தரத்தைப் பற்றிப் பேசுவது அநியாயம். ஆனால் கடிதத்தைப் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டு கடிதம் எழுதச் சொல்லியிருப்பேன். ஒன்று அவர்கள் மொழியில், இன்னொன்று பத்திரிகை போடக்கூடிய மொழியில்.

கரிசல்:
இரண்டு அனுப்பினால் எது அச்சாகும், எது குப்பைக்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியும், அந்த மாணவர்களுக்கும் தெரியும்.

வைகறை:
தெரியும். ஆனாலும் அந்த ஒன்று அச்சாகியிருந்தால், ஆயுதம் இல்லாத ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது என்ற செய்தி இன்னும் நாலு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். என் மாணவர்களுக்கு அந்த வழியை அடைத்துவிட எனக்கு மனசு வராது.